முதலாளிக்குக் கொடுத்த கோட்டை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, நவராத்திரி சமயம். பதுளை கடைவீதியில் ஒரு புடவைக் கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். வீடு ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில். காலையும் மாலையும் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டே கைப்பேசியில் செஸ் புதிர்கள் போடுவது என் பைத்தியம். அதிலும் ராணியையோ, சிலர் யானை என்று சொல்கிற கோட்டையையோ பலி கொடுத்து ராஜாவை மடக்குகிற புதிர் என்றால், இறங்க வேண்டிய இடம்கூட மறந்துபோகும்.

அந்தப் பைத்தியத்தால் நிஜ ஆட்டத்தில் நிறையத் தோற்றிருக்கிறேன். புதிரில் 'வெள்ளை ஆடி வெல்லும்' என்று முதலிலேயே போட்டிருக்கும். எங்கேயோ வழி இருக்கிறது என்று தைரியமாகக் காயைத் தூக்கிக் கொடுக்கலாம். ஆட்டத்தில் அப்படி யார் சொல்வார்கள்? காயும் போய் ஆட்டமும் போய், கடையில் எனக்கு 'வள்ளல்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

அந்த வருடம் பூசையை ஒட்டிக் கடைவீதிக்காரர்கள் கோயில் மண்டபத்தில் ஒரு செஸ் போட்டி வைத்தார்கள். முதலாளி, வேலையாள் என்று பார்க்காமல் யாரும் ஆடலாம். வெல்கிறவர் பதுளை சார்பில் மாகாணப் போட்டிக்குப் போவார். எனக்கு அதற்குப் போயே ஆகவேண்டும் என்று வெறி. தட்டுத்தடுமாறிக் கடைசி ஆட்டம் வரை வந்துவிட்டேன். அதில் என் எதிராளி யார் தெரியுமா? எங்கள் கடை முதலாளியேதான்.

கூட வேலை செய்யும் அக்கா என்னை ஓரமாக இழுத்துப் போனார். "அடியே, பேசாம தோத்துரு. நாளைக்குக் காலையில அவரு மூஞ்சியிலதானே முழிக்கணும்?" வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது?

முதலாளி நல்ல ஆட்டக்காரர். ஆனால் மலிவாக வருகிற சரக்கை விடவே மாட்டார், பலகையிலும் அதே குணம்தான். அவருடைய ராணி தூரத்து மூலையில் என் காலாட்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் அவருடைய ராஜாவுக்குத் துணைக்கு ஆளில்லை. ராஜாவின் முன்னால் நின்ற காலாளை என் கோட்டையால் வெட்டினேன். அந்தக் கோட்டையை ராஜா சும்மாவே எடுத்துக்கொள்ளலாம்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. கடைப் பெண் மரியாதைக்காகத் தோற்கப் பார்க்கிறாள் என்று நினைத்துவிட்டார். குரலைத் தாழ்த்தி, "எனக்காக விட்டுக்குடுக்க வேணாம் பிள்ளை. திருப்பி எடுத்து வேற ஆடு" என்றார்.

நல்ல மனதோடுதான் சொன்னார். அதனால்தான் மறுத்துப் பேச அவ்வளவு கஷ்டமாக இருந்தது. உண்மையில், இது எங்கே போய் முடியும் என்று எனக்கும் தெரியாது. அவருடைய ராஜா வெட்டவெளிக்கு வந்துவிடும், என் ராணியும் குதிரையும் பக்கத்திலேயே நிற்கின்றன, அவ்வளவுதான் தெரியும்.

"இல்லீங்க முதலாளி, வேணும்னுதான் வச்சேன். எடுத்துக்கங்க" என்றேன்.

எடுத்தார். ராணியால் செக் வைத்தேன். ராஜா ஒதுங்கியது. குதிரையைக் கொண்டுவந்தேன். ராஜா தன் இடத்தை விட்டுக் கிளம்பி நடுப் பலகைக்கே ஓடியது. நான் விடாமல் துரத்தினேன். மூலையில் மேய்ந்த அவருடைய ராணியால் உதவிக்கு வந்து சேர முடியவில்லை. கடைசியில், தப்பிக்க இருந்த ஒரே கட்டத்தில் அவருடைய சொந்த மந்திரியே வழியை அடைத்துக்கொண்டு நின்றது. செக்மேட்!

முதலாளி பலகையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "திருப்பி எடுன்னு சொன்னேன், கேட்டாளா பாருங்க!" என்று வாய்விட்டுச் சிரித்தார். "மாகாணப் போட்டிக்கு உனக்கு லீவு. போய் இதே மாதிரி ஆடிட்டு வா."

தோற்கச் சொன்ன அக்காதான் முதலில் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போதும் முடிவு தெரியாத காரியம் எதிலாவது இறங்கத் தயங்கும்போது, அன்று அந்தக் கோட்டையை வைத்தபோதும் எனக்கு முடிவு தெரியாதே என்று நினைத்துக்கொள்வேன். அதன் பிறகு தயக்கம் இருப்பதில்லை.