இருமல் இல்லை என்றேன்

காலை ஏழு மணி இருபது நிமிடம். என் கைக்கடிகாரத்தில் ஆறு இருபது. அதை நான் சுவிஸ் நேரத்திலிருந்து மாற்றியிருக்கவில்லை. உகண்டாவில் ஒரு மலைக்காட்டின் வாசலில், பச்சைச் சீருடை அணிந்த வனக்காவலர் ஒருவர் என் நெற்றிக்கு நேரே வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு, இருமல் இருக்கிறதா, சளித் தடிமன் இருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டார். மூன்றுக்கும் இல்லை என்றேன். மூன்றும் இருந்தன.

விடியும்போதே இரண்டு காய்ச்சல் குளிசை விழுங்கியிருந்தேன். கன்னத்துக்குள் ஒரு துண்டு கற்கண்டை ஒதுக்கி வைத்திருந்தேன். வெப்பமானி பச்சை வெளிச்சம் காட்டியது. அவர் என் பெயருக்கு நேரே ஓர் அடையாளம் போட்டுவிட்டு, உங்களுக்கு நல்ல நாளாக அமையட்டும் என்றார். பக்கத்தில் நின்ற என் மகள் என் கையைப் பிடித்து அமத்தினாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

அந்தப் பயணம் அவளுடையது. சூரிச்சில் ஒரு மிருக வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்கிறாள். சிறுவயதில் மிருகக்காட்சிச்சாலைக்குக் கூட்டிப்போனால் மற்றப் பிள்ளைகள் யானை பார்க்க ஓடுவார்கள். இவள் கொரில்லாக்களின் கண்ணாடிக்கு முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்துவிடுவாள். மூடும் நேரம் வரை அசைய மாட்டாள். அவற்றைக் காட்டிலேயே பார்க்க வேண்டும் என்று பல வருடங்களாகச் சேர்த்து வைத்தவள், கடைசியில் சிநேகிதியைக் கூப்பிடாமல் என்னைக் கூப்பிட்டாள். என் கணவருக்கு உணவக வேலையில் லீவு கிடைக்கவில்லை.

"குரங்கு பாக்கிறதுக்கு ஏன் பிளேன் ஏறுறியள்?" என்றார். "நான் வீட்டிலதானே இருக்கிறன்."

நாங்கள் தங்கிய விடுதி மலை விளிம்பில் இருந்தது. மண்சுவரும் புல்லுக்கூரையும் கொண்ட எட்டுக் குடில்கள். வெயிலில் இருந்துதான் மின்சாரம், மழையில் இருந்துதான் தண்ணீர், பிளாஸ்ரிக் என்று ஒரு மூடிகூட இல்லை. ஆனால் கட்டிலில் படுத்தால் காலடியில் கம்பளி உறை போட்ட சுடுநீர்ப் பை காத்திருக்கும். வெளியே போய்வந்தால் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றி வாங்கிக் கழுவிக்கொண்டுபோவார்கள். சுவிஸுக்கு வந்த புதிதில் சூக் நகரத்தில் ஒரு ஹோட்டலில் பத்து வருடம் அறை துப்புரவாக்கியவள் நான். முதல் நாள் காலை எழுந்ததும் என் கட்டிலை நானே விரித்து, மூலைகளை மடித்துச் செருகினேன்.

"அம்மா, விடுங்கோ. அவையின்ரை வேலையைப் பறிக்காதேங்கோ," என்று மகள் சிரித்தாள்.

அன்று பின்னேரம், கணப்புக்கு முன்னால் இஞ்சித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது தொண்டையில் அந்தக் கரகரப்பு தொடங்கியது. எங்கிருந்து வந்தது என்று எனக்கு உடனே தெரிந்தது. இப்போது நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளராக இருக்கிறேன். பயணத்துக்கு முந்தின நாள், இருமிக்கொண்டிருந்த ஒரு கிழவிக்குக் கரண்டியால் சூப் பருக்கிவிட்டு வந்திருந்தேன். தொற்று என்றால் என்ன, முகக்கவசம் எதற்கு, யாரை யாரிடமிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. நானே புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள்.

அப்படியிருந்தும் இல்லை என்றேன். காரணத்தை நான் தேடிப் பார்த்திருக்கிறேன். மகள் ஏமாந்துபோவாள் என்பது ஒரு காரணம். நோய் வருத்தம் இருந்தால் காட்டுக்குள் விடமாட்டார்கள் என்றும், மனிதத் தடிமன் கொரில்லாவைக் கொல்லும் என்றும் அவள் எனக்கு வாசித்துக் காட்டியிருந்தாள். ஆனால் அதற்கும் கீழே வேறொன்று இருந்தது. அகதியாக வந்து முகாமில் இருந்தபோது, நெஞ்சைப் படம் எடுக்க எங்களை வரிசையில் நிறுத்தினார்கள். எனக்கு வழியில் பிடித்த இருமல். எனக்குப் பின்னால் நின்ற அக்கா ஒருத்தி என் கையில் கற்கண்டைத் திணித்தாள். "கன்னத்துக்கை வைச்சிரு. கேட்டா இல்லையெண்டு சொல்லு. இருமல் எண்டு வாயைத் திறந்தியோ, கொண்டுபோய்த் தனிய அடைச்சுப் போடுவாங்கள்." அது உண்மையோ என்று யாருக்கும் தெரியாது. நான் இல்லை என்றேன். விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து சீருடை போட்டவர்கள் என்ன கேட்டாலும் என் வாயில் முதலில் வருவது இல்லைதான். பயணம் போகும்போதெல்லாம் என் கைப்பையில் ஒரு கடதாசிச் சரையில் கற்கண்டும் இருக்கும்.

மூன்று மணித்தியாலம் ஏறினோம். முன்னே ஒருவர் கத்தியால் கொடிகளை வெட்டிக்கொண்டு போனார். சுமைகாரப் பெண் ஒருத்தி என் கையை விடவேயில்லை. மழை தூறிக்கொண்டேயிருந்தது. பிறகு வழிகாட்டி கையைத் தூக்கினார். எல்லோரும் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டோம். பத்து மீற்றர் தூரத்துக்குக் கிட்டப் போகக்கூடாது, அவை வந்தால் நாங்கள்தான் பின்னால் போக வேண்டும் என்று மறுபடியும் சொன்னார்.

ஆண் கொரில்லா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது, வெள்ளி பூத்த முதுகு. அதற்கு இந்தப்பக்கம் ஒரு தாய், மடியில் குட்டி. மகள் அழுதுகொண்டிருந்தாள். சத்தமில்லாமல், முகக்கவசம் நனைய. நான் அவளைத்தான் பார்த்தேன். இதற்காகத்தானே சொன்னேன் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

குட்டி மடியிலிருந்து வழுகி இறங்கி எங்களை நோக்கி வந்தது. எல்லோரும் பின்னால் நகர்ந்தார்கள். எனக்குப் பின்னால் மூங்கில் அடர்ந்திருந்தது. கற்கண்டு எப்போதோ கரைந்துவிட்டிருந்தது. ஏறிய களைப்பில் மூச்சு முட்டி, முகக்கவசத்தை மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டிருந்தேன். குட்டி என் முழங்காலுக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தது. அதன் விரல் நகங்களைப் பார்த்தேன். அடக்க அடக்க நெஞ்சுக்குள் கிளம்பி வந்தது. கவசத்தை ஏற்றக் கையைத் தூக்கினேன், அதற்குள் இருமிவிட்டேன்.

ஒரே ஒரு தரம். குட்டி கண்ணை மூடித் திறந்தது. தாய் வந்து அதை ஒரு கையால் தூக்கித் தன் நெஞ்சில் போட்டுக்கொண்டு போனது. வழிகாட்டி என்னைப் பார்த்தார். ஏறிய களைப்பு என்று நினைத்திருக்க வேண்டும்.

விடுதிக்குத் திரும்பி வந்ததும் மகள் என்னைக் கட்டிப்பிடித்தாள். பிடித்தவள் கையை எடுத்து என் நெற்றியில் வைத்தாள்.

"அம்மா, உங்களுக்குச் சுடுது."

"வெயில் பட்டது."

"என்ன வெயில்? காலமையிலயிருந்து மழையல்லோ."

நான் திரும்பிக் கட்டில் விரிப்பின் மூலையைச் செருகினேன்.

"எப்ப தொடங்கினது?"

"நேற்றுப் பின்னேரம்."

"அப்ப அந்தாள் கேக்கேக்கை…"

"அவங்கள் கேட்டா அப்பிடித்தான் பிள்ளை சொல்லுறது. காம்பில நாங்கள்—"

"இது காம்ப் இல்லை அம்மா. அந்தாள் உங்களைப் பிடிக்கவோ கேட்டவர்? அதுகளுக்காகக் கேட்டவர்."

அவள் கதவை நோக்கிப் போனாள். எங்கே என்று கேட்டேன். சொல்லப்போகிறேன் என்றாள்.

"ஐயோ குஞ்சு, சொல்லாதை. பாஸ்போட்டைப் பறிச்சுப்போடுவாங்கள்."

"பறிக்கட்டும். சொல்லாட்டி அதுகளை ஒருத்தரும் கவனிக்க மாட்டினம்."

விடுதியின் பொறுப்பாளரான பெண் முகக்கவசத்தோடு வந்து வாசலில் நின்றாள். எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரத்தில், எந்தக் குட்டி என்று கேட்டு எழுதினாள். தூரத்தை என் இரண்டு கைகளாலும் காட்டினேன். அவள் கைகளைப் பார்த்தாள், எழுதினாள், சொன்னதற்கு நன்றி என்றாள். யாரும் ஏசவில்லை. பிறகு சாப்பாடு வாசலுக்கு வந்தது. அன்றைக்கும் சுடுநீர்ப் பை வந்தது. தட்டிவிட்டு, வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார்கள். அதை நான் எடுக்கவில்லை. கதவுக்கு வெளியே ஆறிக்கிடந்தது.

வீடு திரும்பியதும் வைத்தியர் பரிசோதித்துவிட்டு, சாதாரண வைரஸ், ஒரு கிழமை ஓய்வெடுங்கள் என்றார். எனக்கு அது நாலு நாளில் போய்விட்டது. வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்து நேரே அட்லிஸ்வில்லில் எங்கள் வீட்டுக்கு வந்து எங்களோடு சாப்பிட்டுப் போகிற மகள் வருவதை நிறுத்தினாள். வேலை கூடிவிட்டது என்று எழுதினாள். விடுதியிலிருந்து வரும் மின்னஞ்சல்களை மட்டும் எனக்கு அனுப்புவாள், தன் பங்குக்கு ஒரு சொல்லும் சேர்க்காமல். முதலாவதில், மிருக வைத்தியர்கள் அந்தக் குடும்பத்தைத் தினமும் போய்ப் பார்க்கிறார்கள் என்று இருந்தது. இரண்டாவதில், குட்டிக்கு மூக்கு வடிகிறது, தாய் சரியாகச் சாப்பிடவில்லை என்று இருந்தது. மூன்றாவதில் ஒரு சிறிய காணொளி.

இலைகளுக்கு நடுவே தாயும் குட்டியும். குட்டி இருமியது. மிருகம் இருமுகிற சத்தம் வேறுமாதிரி இருக்கும் என்று எப்படியோ நம்பியிருந்தேன். அப்படி இல்லை. இரண்டு வயதில் என் மகள் இருமியதைப் போல இருந்தது.

"அந்தப் போனை வைச்சிட்டு வந்து சாப்பிடு," என்றார் கணவர். "குரங்குக்குத் தடிமன் வாறேல்லையோ?"

காணொளியை அவரிடம் நீட்டினேன். முழுவதும் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் குரங்கு என்ற சொல்லைச் சொல்லவில்லை.

அதன் பிறகு செய்தி ஒன்றும் வரவில்லை. ஒரு கிழமை, இரண்டு கிழமை. ரயிலில் யாராவது இருமினால் எனக்கு முதுகு விறைக்கும். இல்லத்தில் முகக்கவசத்தை ஓய்வு அறையிலும் கழற்றுவதில்லை. கூட வேலை செய்பவர்கள் முதலில் கேலி செய்தார்கள், பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள். கண்ணாடிக் கதவு, பேருந்து யன்னல், குளித்துவிட்டு நிமிர்ந்தால் தெரிகிற கண்ணாடி, எங்கே பார்த்தாலும் என் முகம் வாய் திறந்திருப்பதாகத் தோன்றும். கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு ஐயர் வழக்கம்போல் கேட்டார்.

"ஆருக்கு? பேர், நட்சத்திரம்?"

எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். குட்டிக்குப் பேர் இல்லை, நட்சத்திரம் தெரியாது. மகளுடையதைச் சொல்ல வாய் போனது. அது இன்னொரு பொய் என்று நிறுத்திக்கொண்டேன்.

"சுவாமி பேருக்கே செய்யுங்கோ," என்றேன்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் அழைப்பு மணி அடித்தது. கணவர் வேலைக்குப் போயிருந்தார். கதவைத் திறந்தால் மகள். அவளிடம் எங்கள் பூட்டைத் திறக்கிற திறப்பு ஒன்று இருக்கிறது; ஆனாலும் மணி அடித்துவிட்டு நின்றாள். சப்பாத்தைக் கழற்றவில்லை. முகம் வீங்கியிருந்தது.

"வா பிள்ளை, உள்ளுக்கை," என்றேன்.

"குட்டி தப்பிட்டுது," என்றாள். "நாங்கள் சொன்ன நாளிலயிருந்து பாத்துக்கொண்டிருந்தபடியா நேரத்துக்கு மருந்து குடுத்தவையாம்."

கதவை அகலத் திறந்தேன். அவள் இன்னும் வாசலிலேயே நின்றாள்.

"தாய் தப்பேல்லை, அம்மா. தகப்பன்தான் இப்ப குட்டியைத் தன்னோடை படுக்க வைக்குதாம்."

கீழே யாரோ தபால் பெட்டியைத் திறந்து மூடினார்கள்.

"என்னாலயோ?" என்று கேட்டேன்.

"நானும் எழுதிக் கேட்டனான். உங்களிலயிருந்து போனதெண்டும் சொல்லேலாதாம்," என்றாள். "இல்லையெண்டும் சொல்லேலாதாம்."