பின் உயரம் பதின்மூன்றரை

றஞ்சிதம் ரீச்சரைப் பற்றிச் சொல்லுவதென்றால் படிக்கட்டிலிருந்துதான் தொடங்கவேண்டும். வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கையொன்றில் எங்கள் கட்டிடம். நாலு மாடி, லிஃப்ட் கிடையாது, எழுபத்திரண்டு படி. கடைக்குப் போய் வந்தால் நான் இரண்டாம் மாடியில் ஒருதரம், மூன்றாம் மாடியில் ஒருதரம் நின்று மூச்செடுப்பேன். அவள் பதினெட்டுக் கிலோவை முதுகில் கட்டிக்கொண்டு அதே படிகளை ஒரு பின்னேரத்தில் இருபது தரம் ஏறி இறங்குவாள்.

அவளுக்கு விசரோ பைத்தியமோ இல்லை. இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு அது, சண்டைக் காலம். பாரமான பையோடு ஒரு தமிழ்ப் பிள்ளை காலி வீதியில் நடந்தால் நூறு அடிக்கு ஒருவர் மறிப்பார். பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருக்கிறவர் எழும்பிப் போய்விடுவார். பழகுவதற்கு அவளுக்குப் படிக்கட்டைத் தவிர வேறு இடம் இருக்கவில்லை.

மகள் குடும்பத்தோடு டென்மார்க் போனபிறகு என் வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்தது. அதற்குத்தான் அவள் வாடகைக்கு வந்தாள். பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் உடற்பயிற்சி ரீச்சர். முப்பத்துமூன்று வயது, கலியாணம் முடிக்கவில்லை, முடிக்கும் யோசனையும் இல்லை. பிறந்தது கொட்டாஞ்சேனை. தகப்பன் பேர்னாட் துறைமுகத்துப் பண்டகசாலையில் மூட்டை தூக்குகிற நாட்டாமியாக முப்பது வருடம் இருந்தவர். அப்பாவுடைய முதுகில்தான் படித்தேன் என்று அவளே சொல்லுவாள். வாடகைக்கு வந்த தமிழ் ஆள் என்று அவளைப் பொலிசில் பதியப் போனபோது, கொழும்பில் பிறந்த அவளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். வடக்கிலிருந்து வந்து பதினெட்டு வருடமான என்னிடம் ஒன்பது கேட்டார்கள்.

மலையேறும் ஆசை அவளுக்கு எப்படி வந்தது என்று ஒருநாள் கேட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சிவனொளிபாதமலைக்குக் கூட்டிப்போனாளாம். மேலே போய் நின்று விடியுமட்டும் பார்த்தபோது, இங்கே இவ்வளவு சனம் நின்றும் ஒருவரும் அடையாள அட்டை கேட்கவில்லையே என்று நினைத்தாளாம். அதன்பிறகு கொழும்பில் மலையேறுகிற ஒரு கூட்டத்தோடு சேர்ந்துகொண்டாள்.

அந்தக் கூட்டம் மூன்று பெண்களை இந்தியாவில் பனிமலை ஏறிப் பழக ஒரு மாதம் அனுப்பப் போவதாகச் சொன்னது. அதற்கு ஒரு சோதனை. பதினெட்டுக் கிலோவோடு இரண்டு நாள் மலைநாட்டில் நடந்து காட்டவேண்டும். மாசி மாதம் நடந்த முதற் சோதனையில் அவளுக்கு இரவல் பை கொடுத்தார்கள். ஆறடி ஆம்பிளைக்குச் செய்த பை. அவளுக்கு அது பிட்டத்துக்குக் கீழே தொங்கி ஒவ்வொரு அடிக்கும் இடித்தது. பாதி வழியில் சறுக்கி விழுந்து முழங்கையைப் பிளந்துகொண்டு வந்தாள். கூட்டத்தின் தலைவர் நல்ல மனிசன்தான். உனக்கு அளவான பையோடு ஆனி மாதம் வா, இன்னொருதரம் பார்ப்போம், ஆடிக்குப் பிறகு பார்க்கமாட்டோம் என்றாராம்.

அளவான பைக்கு எங்கே போவது? புறக்கோட்டையெல்லாம் தேடினாள். பள்ளிக்கூடப் பையும் சில்லு வைத்த பெட்டியும்தான் இருந்தன. இலண்டனில் இருக்கிற தமக்கை மாக்ரெட், கம்பியூட்டரில் பார்த்து ஒன்றைத் தெரிவுசெய், அளவைச் சொல், பிறந்தநாளுக்கு நான் எடுத்து அனுப்புகிறேன் என்றாள். போட்டுப் பார்த்து அனுப்பவும் மாக்ரெட்டால் முடியாது. அவளுடைய உடம்பு இரண்டு றஞ்சிதம்.

ஒரு சனிக்கிழமை அவளோடு நானும் ஜாபிருடைய கொமியூனிகேஷனுக்குப் போனேன். போன் கதைக்கிற கடை அது, பின்பக்கம் மூன்று கம்பியூட்டர். ஜாபிர் படங்களைத் தட்டித் தட்டிக் காட்டினான். ஆளைத் தொடாமல் சட்டை தைக்கிற மாதிரி இருந்தது எனக்கு. றஞ்சிதத்துக்கு ஒரு பச்சைப் பை பிடித்துக்கொண்டது.

"பச்ச வாணாம் டீச்சர். கறுப்பும் வாணாம்," என்றான் ஜாபிர். "தூரத்துல வரக்குள்ளயே இது வெளையாட்டுச் சாமான்னு தெரியணும். ஒரேஞ்ச் எடுங்க."

ஒரேஞ்ச் எடுத்தாள். பிறகு அளவு கேட்டது. முதுகு எவ்வளவு நீளம் என்று கேட்கிறது என்று ஜாபிர் சொன்னான். றஞ்சிதம் என்னைப் பார்த்தாள். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அளவு நாடாவில் உள்ள இலக்கமெல்லாம் தெரியும். பதினெட்டு வருடம் வெள்ளவத்தைச் சனத்துக்கும் அதற்கு முன் ஊர்ச் சனத்துக்கும் சீலைக்குப் பிளவுஸ் தைத்தவள். நாடா எப்போதும் என் கைப்பையில் கிடக்கும். அவளைத் திருப்பி நிறுத்திக் கழுத்தடியில் பிடித்து இழுத்து, பின் உயரம் பதின்மூன்றரை என்றேன். அவனும் தட்டினான். மிகச் சின்னது என்று வந்தது. நான் கட்டைதானே ஆச்சி என்று அவளும் சிரித்தாள்.

பார்சல் வந்து சேர ஏழு கிழமை. சுங்கத்தில் பிரித்துப் பார்த்துத் திரும்ப ஒட்டியிருந்தார்கள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, பேர்னாட்டும் மகளைப் பார்க்க வந்திருந்தார். தோடம்பழ நிறத்தில் பை பளபளவென்று இருந்தது. அவள் முதுகில் போட்டு இடுப்புப் பட்டியைப் பூட்டினாள்.

பட்டி இடுப்பில் இல்லை. விலா எலும்பில் இருந்தது. நான் தைக்கிற பிளவுஸ் எங்கே முடியுமோ, சரியாக அந்த இடத்தில் பூட்டிக்கொண்டு நின்றது.

பேர்னாட் சுற்றி வந்து பார்த்தார். அந்த மனிசனுக்கு முள்ளந்தண்டு வளைந்து போயிருந்தது, சிரிப்பதென்றாலும் குனிந்துதான் சிரிக்கவேண்டும். குனிந்து சிரித்தார்.

"ஆச்சி, நீங்க பிளவுசுக்கு அளந்திருக்கீங்க."

"முதுகு எண்டுதானே கேட்டவன். முதுகைத்தான் அளந்தனான்."

"உங்களுக்கு முதுகு அங்கயே முடியுது. எங்களுக்கு மூட்ட வந்து உக்கார்ற இடம் வரைக்கும் முதுகு." அவர் மகளின் இடுப்பெலும்பில் விரலை வைத்தார். "பாரம் இங்க உக்காரணும். தோள்ல உக்காந்தா என்ன மாதிரித்தான் ஆவா."

அளந்தது பிழையென்று இன்றைக்கும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். கேட்டவன் சரியாகக் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு றஞ்சிதம் பையைக் கழற்றிக் கட்டிலில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். நெடுநேரம் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. திருப்பி அனுப்பி மாற்றுவதற்கு இன்னும் ஏழும் ஏழும் பதினாலு கிழமை. சோதனைக்கு இருந்தது ஆறு கிழமை.

நான் அந்தப் பையை உள்ளும் புறமும் திருப்பித் தடவிப் பார்த்தேன். தைத்த சாமானை எப்படியும் பிரிக்கலாம், பிரித்ததைத் தைக்கலாம். பேர்னாட் அடுத்த முறை வரும்போது மருதானைக் கராஜில் வாங்கின பழைய கார் சீட் பெல்ட்டும், பாயைப் போன்ற தடித்த பஞ்சும், விரலகலத்தில் இரண்டு அலுமினியப் பட்டையும் கொண்டுவந்தார். பட்டை இல்லாவிட்டால் பாரம் கீழே இறங்காதாம். தன்னுடைய பழைய சாக்கு ஊசியையும் நூலையும் தந்தார். மெசின் ஊசி இரண்டு முறிந்தபிறகு அந்த ஊசியால் கையாலேயே தைத்தேன். இடுப்புப் பட்டியைப் பிரித்து, பையின் முதுகை நாலு அங்குலம் கீழே நீட்டி, பட்டைகளை உள்ளே வைத்து, தைத்ததன்மேல் இன்னொருதரம், ஈருருவாக மூடித் தைத்து, அதன் நுனியில் பட்டியைப் பூட்டினேன். கண் எரிந்தது. விரல் மடக்க ஏலாமல் போயிற்று. பதினொரு நாள் எடுத்தது.

போட்டாள். பட்டி இடுப்பெலும்பில் போய் இருந்தது. அன்றைக்குத் தொடங்கியதுதான் அந்தப் படிக்கட்டு. அரிசிப் பை, பருப்பு, தண்ணீர்ப் போத்தல் என்று என் குசினியில் இருந்ததெல்லாம் ஏறி இறங்கிற்று. கீழ்மாடி நவரத்தினம் முதல் நாள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "எங்கை பிள்ளை, கனடாவோ?" என்று கேட்டார். பெரிய பையோடு ஒருவர் படியிறங்கினால் வேறொன்றும் நினைக்காத காலம். நாலாம் நாள் அவளைக் கண்டு, "இன்னும் போகேல்லையோ?" என்றார். பிறகு கேட்பதை விட்டுவிட்டு, சத்தத்தை வைத்து எத்தனையாவது தரம் என்று எண்ணத் தொடங்கினார்.

ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை வந்தது. காலை எட்டு மணிக்கு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினாள். கோட்டை ஸ்ரேசனில் ஒன்பதே முக்காலுக்கு மலைநாட்டு ரயில். அதில் மற்றவர்களும் வருவார்கள்.

பன்னிரண்டு மணிக்கு அவளுடைய காலடி படியில் கேட்டது. இருபதாம் தரம் ஏறுகிற காலடி போல இருந்தது. உள்ளே வந்து பையை மேசையில் வைத்தாள். முதுகுப் பக்கம் வெட்டித் திறந்து, பஞ்சு வெளியே தொங்கிற்று. அலுமினியப் பட்டை இரண்டையும் கையில் வைத்திருந்தாள்.

ஸ்ரேசன் வாசலில் ஒரு பெண் பொலிஸ் பையை முழுக்கக் கொட்டிப் பார்த்திருக்கிறாள். அரிசி, கூடாரத் துணி, சப்பாத்து, எல்லாம் சரி. பிறகு வெறும் பையைத் தடவினாள். கடையில் வாங்கின பையில் ஒரு பக்கம் மட்டும் புதுத் தையல், கைத்தையல், உள்ளே கம்பி மாதிரி ஏதோ. மே மொனவாத, இது என்ன என்று கேட்டாளாம். றஞ்சிதம் கொட்டாஞ்சேனைச் சிங்களத்தில் எல்லாம் சொன்னாள். அளவு பிழைத்த கதை, பிளவுஸ் கதை, தகப்பன் கதை. அந்தப் பெண் நம்பினது போலத்தான் இருந்ததாம். ஆனாலும் பிரிக்காமல் விடமுடியாது என்றாளாம். பிளேட்டால் வெட்டத் தொடங்கினாள். சாக்கு நூல், ஈருருத் தையல், இலேசில் விடுமா? அவள் வெட்டி முடிக்கமுன் ரயில் போய்விட்டது.

"கொஞ்சம் இலேசாத் தைச்சிருக்கலாம் ஆச்சி," என்றாள் றஞ்சிதம். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். பிறகு அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

எனக்குத்தான் கோபம் வந்தது, ஆர்மேல் என்றுதான் தெரியவில்லை. அந்தப் பொலிஸ் பிள்ளைமேல் வரவில்லை. அதற்கு முதற் கிழமைதான் ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்திருந்தது. நானாயிருந்தாலும் அந்தத் தையலைப் பிரித்துத்தான் பார்த்திருப்பேன். மூடித் தைத்ததுதான் பிழை. சோறு வைத்துவிட்டு அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தின் தலைவருக்கு அவள் போன் எடுத்தாள். ஆடி மாதக் கடைசியில் வேறு சிலருக்கு இன்னொரு சோதனை இருக்கிறது, அதுதான் முடிவு என்றாராம். போவதில்லை என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் மேசையில் பையைக் கண்டதும் என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

வெட்டின இடத்தை நான் திரும்பத் தைக்கவில்லை. அதன் நீளத்துக்கு ஒரு வெள்ளைச் சிப் வைத்தேன், தலையணை உறைக்கு வைக்கிற மாதிரி. இழுத்தால் திறக்கும். பட்டை இரண்டையும் கையால் உருவி எடுத்துக் காட்டலாம், திரும்பச் செருகலாம்.

"ஆருக்குப் பாக்கோணுமோ பாக்கட்டும்," என்றேன். "நீயே முதல் திறந்து காட்டு. அவை கேக்கமுன்னம்."

"மலையில இது தாங்குமா?"

"அது எனக்குத் தெரியாது. கோட்டையிலை தாங்கும்."

ஆடிக் கடைசி வெள்ளி, அதே எட்டு மணி, அதே சிலுவை. நான் மெசினுக்கு முன்னால் இருந்தேன், ஒரு தையலும் ஓடவில்லை. மறித்தால் பன்னிரண்டுக்கு வருவாள். அவளுக்கும் சேர்த்துத்தான் அரிசி போட்டேன். பன்னிரண்டானது. படியில் காலடி கேட்டது. கதவைத் திறந்தால் நவரத்தினம், மூச்சு வாங்க நிற்கிறார்.

"பிள்ளை திரும்பி வந்திட்டாவோ?"

"இல்லை."

"அப்ப ரயில் ஏறியிட்டா," என்றார். அந்த வருடங்களில் வெளியே போன ஒருவர் வீட்டுக்கு வராததற்கு நாங்கள் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தரம்தான். அதுவும் ஒரு மணி மட்டும். பிறகு, ரயிலும் ஏறாமல் எங்கேயாவது இருத்தி வைத்திருக்கிறார்களோ என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். அஞ்சு மணிக்கு மலைநாட்டுக் கடையொன்றிலிருந்து போன் எடுத்தாள். ஏறப் போகிறோம், மழை தூறுகிறது என்றாள். அவ்வளவுதான். நான் மத்தியானச் சோற்றை அப்போதுதான் சாப்பிட்டேன்.

மூன்று பெண்களில் அவள் மூன்றாமவளாகத் தெரிவானாள். புரட்டாதியில் போய் ஒரு மாதம் நின்று வந்தாள். உதடு வெடித்து, மூக்குத் தோல் உரிந்து, பாதி ஆளாக வந்தாள். பனியைப் பற்றி நான் கேட்டேன். குளிர், அங்கே ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு இரண்டு நாள் நித்திரை கொண்டாள்.

துவைப்பதற்குப் பையை எடுத்தேன். நாலு அங்குல நீட்டு அசையவில்லை, சாக்கு நூல் ஒரு இழை அறவில்லை. வெள்ளைச் சிப் மட்டும் பல் போய் வாய் பிளந்து கிடந்தது. மலையில் தாங்குமா என்று நீ கேட்டது சரிதான் என்றேன்.

"மலையில ஒண்ணும் ஆகல்ல ஆச்சி," என்றாள் படுத்தபடியே. "போகக்குள்ள கட்டுநாயக்கா எயர்போட்ல ரெண்டு தரம் தொறந்து காட்டினேன். வரக்குள்ள கட்டுநாயக்காவுல இருந்து இங்க வரமுட்டும் அஞ்சு தரம். கடசியா நம்ம ஒழுங்க வாசல்லதான் பிஞ்சிச்சு."

அடுத்த நாள் புறக்கோட்டைக்குப் போய்ப் பித்தளைச் சிப் ஒன்று வாங்கி வந்தேன்.