லண்டனிலிருந்து கிள்ளானுக்கு: பதின்மூன்று மணி நேரமும் கடைசி எட்டுக் கிலோமீட்டரும்

என் மனைவி கவிதா தலைப்பிரசவத்துக்காக மலேசியாவின் கிள்ளானில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். எனக்கு லண்டனில் வேலை. மருத்துவர் சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்பே போய்ச் சேரும்படி டிக்கெட் எடுத்திருந்தேன். ஆகஸ்டில் ஒரு விடியற்காலை என் மாமியார் கூப்பிட்டார். "மாப்பிள்ளை, வலி வந்திருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிட்டு இருக்கோம்." அன்று காலை பதினொரு மணி விமானத்துக்கே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு ஓடினேன்.

லண்டனிலிருந்து கோலாலம்பூர் ஏறக்குறைய 10,600 கிலோமீட்டர். நேரடி விமானத்தில் பதின்மூன்று மணி நேரம். எதிர்த்திசையில் காற்றைப் பொறுத்துப் பதினான்குகூட ஆகும். கோடையில் மலேசியா ஏழு மணி நேரம் முன்னால் இருக்கிறது. எல்லாம் தெரிந்தும் திரையில் நகரும் குட்டி விமானத்தையே வெறித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் கோலாலம்பூர் பக்கத்து ரவாங்கைச் சேர்ந்த ஆன்டி ஒருவர். "நீங்க பாத்துக்கிட்டே இருந்தா அது வேகமா போவாதுலா தம்பி. சாப்பிடுங்க" என்று என் சாப்பாட்டின் மூடியை அவரே திறந்து வைத்தார்.

காலை ஏழுக்கு இறங்கியதும் கவிதாவின் குரல்செய்தி வந்தது. "இன்னும் பொறக்கல. புள்ள ஒங்களுக்காகத்தான் வெய்ட் பண்ணுது போல. வாங்க."

வழக்கமாக ரயிலில் கோலாலம்பூரின் தமிழ்க் கடைவீதியான பிரிக்பீல்ட்ஸ் வந்து, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, கொமியூட்டர் ரயிலில் கிள்ளான் போவேன். அன்று நேரே கார்தான். அறுபது கிலோமீட்டர், எண்பது ரிங்கிட். ஒரு மணி நேரம் என்றது செயலி. ஷா ஆலாம் தாண்டி, ஆஸ்பத்திரிக்கு எட்டுக் கிலோமீட்டர் இருக்கும்போது, வண்டி நெரிசலில் நின்றுவிட்டது.

"அண்ணே, வேற ரோடு இல்லையா? மனைவிக்கு மொத பிரசவம்."

"எல்லா ரோடும் ஜேம்தான் பாஸ்" என்றார் ஓட்டுநர், கிள்ளானுக்குப் பக்கத்து ஊரான காப்பார்க்காரர். "மொத புள்ளன்னா டைம் எடுக்கும்லா. பயப்படாதீங்க."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. எடுத்தால் பச்சைக் குழந்தை அழும் சத்தம் மட்டும். பிறகுதான் மாமியார், "பொண்ணு பொறந்திருக்கு மாப்பிள்ளை! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க!" என்றார். ஓட்டுநரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியை இறக்கி, பக்கத்து லோரிக்காரரிடம் கத்தினார்: "அண்ணே, இவருக்குப் பொண்ணு பொறந்திருக்கு!" லோரி நீளமாக ஹார்ன் அடித்தது. அவ்வளவு தூரம் பறந்து வந்தவன், எட்டுக் கிலோமீட்டரில் கோட்டை விட்டுவிட்டேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

மருத்துவமனையில் கவிதாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க லேட் இல்ல. இவதான் அவசரப்பட்டுட்டா" என்று குழந்தையை என் கையில் வைத்தாள்.

பிரசவத்துக்குப் பறக்கப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள், கூடுதல் விலை வீண்போகாது. மருத்துவர் சொல்லும் நாளை நம்பாமல் முன்கூட்டியே போய்விடுங்கள். வேலை நாளில் காலையில் இறங்கினால் கிள்ளானுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

இதை எழுதும்போது மகள் என் நெஞ்சில் தூங்குகிறாள். என் விடுமுறை முடியப்போகிறது. திரும்பும் விமானத்தைப் பற்றி வீட்டில் யாரும் இன்னும் பேச்செடுக்கவில்லை, நானும்தான்.