நாற்பது விசிட்டர் கார்டு

கல்லூரி கேட்டில் நிற்பவருக்கு உள்ளே என்ன பாடம் நடக்கிறது என்று தெரியாது. வெளியே போகிறவர்களின் முகம் மட்டும்தான் தெரியும். ஏதோ ஒரு வாசலில் நாள் முழுக்க நின்று கால் வீங்கியவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

எங்களுடையது வத்தலக்குண்டு ரோட்டில் உள்ள எம்.பி.ஏ. கல்லூரி. விண்ணப்பம் போடுமுன் சுற்றிப் பார்க்க ஒரு சனிக்கிழமை திறந்துவிடுவார்கள். அன்று காலை ஒன்பது மணிக்கு கேட்டில் இருந்தவர்கள்: வண்டிகளை ஒதுக்கிவிட அந்தோணி, வழி காட்ட ஆபீசிலிருந்து கவிதா, பிறகு காவலுக்கு நான். என் மேஜையில் ரெஜிஸ்டர் ஒன்று, பேனா இரண்டு, மஞ்சள் நாடா போட்ட விசிட்டர் கார்டு நாற்பது. எட்டாவதோடு நின்றவள் நான். பதினோரு வருடத்தில் ஒரு கார்டு குறைந்ததில்லை.

அன்று இன்னொருத்தியும் வர வேண்டும், என் மருமகள் ஸ்டெல்லா. மில் ஆபீசில் வேலை. எம்.பி.ஏ. படிக்க இரண்டு கல்லூரிகளைப் பார்த்துவிட்டு இரண்டுக்கும் விண்ணப்பம் போடாமல் வந்துவிட்டாள். திருப்பூரிலிருக்கும் என் மகன் "உன் இஷ்டம்" என்றுவிட்டான். தன் இஷ்டம் என்னவென்று சொல்லத்தான் அவளுக்கு வாய் வரவில்லை. எங்கள் கல்லூரிதான் பாக்கி. விண்ணப்பம் போடத் திங்கட்கிழமை கடைசி நாள். வருவாளா என்று நான் கேட்கவில்லை. எதையும் கேட்டுப் பழக்கமில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று முதல் ஒன்பது வரை

ஒரு பையனுக்காகப் பழனியிலிருந்து ஒன்பது பேர் வேனில் வந்தார்கள். அப்பா லாட்ஜ் நடத்துகிறவர். எல்லோரையும் உள்ளே அனுப்பிவிட்டு அவர் மட்டும் என் மேஜை அருகில் நின்றார். உள்ளே சொல்வதெல்லாம் இருக்கட்டும், போன வருடம் சேர்ந்ததில் எத்தனை பேர் பாதியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்த கேட் வழியாகப் போனார்கள் என்று கேட்டார்.

தெரிந்ததை மறைக்க எனக்கு வராது. மூன்று பேர் என்றேன். அவர் கேட்டைப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, நாலாவதா எம் பையன் வந்தான்னா, கேட்டத் தொறக்காதீங்க."

ஆறு கட்டம்

வத்தலக்குண்டிலிருந்து ஒரு தாயும் மகளும். மகள் கையில் நோட்டு. ஆறு கல்லூரிகளுக்கு ஆறு கட்டம் போட்டு பஸ் நேரம், ஹாஸ்டல், வேலை கிடைக்குமா என்றெல்லாம் குறித்திருந்தாள். கடைசி வரியில் "அம்மாவுக்குப் பிடித்ததா?" என்று இருந்தது. அதில் ஆறு கட்டமும் காலி.

திரும்பி வந்து கையெழுத்துப் போடும்போது, இதையாவது சொல்லம்மா என்று மகள் நச்சரித்தாள். அந்த அம்மா கார்டைக் கழற்றாமல் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

"எல்லாமே பிடிச்சிருக்குடி. நீ எதுல சேந்தாலும் வீட்டுல இருக்க மாட்டீல்ல, அதான் எழுதச் சொல்லல."

இருபத்திரண்டு

பரீட்சையில் இருந்த மகளுக்காக அகரத்து விவசாயி ஒருவர் தனியாக வந்தார். போகும்போது கார்டு துண்டுக்கடியில் மறைந்துவிட்டது. அவர் பஸ் ஏறிய பிறகுதான் நான் கவனித்தேன். ஓடிப்போய் பஸ்ஸை நிறுத்தினேன். அவர் ஜன்னல் வழியாகக் கார்டை நீட்டினார். நான் வாங்கவில்லை. வாங்கியவரே ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுத்தான் திருப்பித் தர வேண்டும், அதுதான் விதி. இறங்கி வந்தார். பஸ் போய்விட்டது.

"ஏன் தாயி, ஒரு அட்டைக்கு இம்புட்டு ஓட்டமா? எம் மக வேணாம்னு சொன்னாலும் நீ விட மாட்ட போலயே!"

முப்பத்தொன்று

மூன்று நாற்பதுக்கு ஸ்டெல்லா பஸ்ஸை விட்டு இறங்கினாள். மருமகள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. எல்லோரையும் போலக் கையெழுத்து வாங்கினேன். முப்பது பேருக்குக் கார்டைக் கையில்தான் கொடுத்தேன். இவளுக்குக் கழுத்தில் மாட்டிவிட்டேன். சாயங்காலங்களில் உள்ளே வகுப்பறைகளைப் பூட்டுவது நான்தான். ஒரு நாளும் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

நாலரைக்கு வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை.

"அத்தை, லைப்ரரியில சன்னல் ஓரமா ஒரு நாற்காலி சும்மா கெடந்துச்சு. செத்த நேரம் உக்காந்தேன். எந்திரிக்கவே மனசு வரல."

அதற்குள் பஸ் ஹாரன். "பிள்ளைய பால்வாடியில கூப்புடணும், வாரேன்" என்று ஓடினாள். மஞ்சள் நாடா கழுத்தில் ஆடியது.

"எக்கா, கார்டு போகுது! ஓடுங்க!" என்று அந்தோணி கத்தினான்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். திரும்பி வந்த கார்டுகளையும் மீதியையும் சேர்த்து இரண்டு தரம் எண்ணினேன், முப்பத்தொன்பது. வீட்டில் வைத்து வாங்கிக்கொள்ள விதியில் இடமில்லாததால், திங்கட்கிழமை அவளே வந்து கையெழுத்துப் போட்டுத் தர வேண்டிய கார்டு, ஒன்று.