கடல் பக்கம் ஒட்டாத சுண்ணாம்பு

தூத்துக்குடி சங்குக் கிட்டங்கியில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று கையில் ஒரு பலகையைக் கொடுத்தார்கள். நடுவில் வட்டமாக ஓர் ஓட்டை. குளியாட்கள் கடலடியில் இருந்து எடுத்து வரும் சங்கை அந்த ஓட்டையில் வைத்துப் பார்க்க வேண்டும். மாட்டி நிற்கிற சங்கு சர்க்காருக்கு. விழுந்துவிடுகிற சங்கு குஞ்சு, அது திரும்பக் கடலுக்கு. இதுதான் வேலை. இதைச் சொல்லிக்கொடுக்க ஹெட் கிளார்க் ஒரு காலைப் பொழுது முழுவதையும் எடுத்துக்கொண்டார்.

சங்கு சர்க்கார் சொத்து. மணலுக்குள் புதைந்து கிடக்கும்போதே சர்க்கார் சொத்து. குளிப்பவனுக்குக் கூலி மட்டும்தான். லைசென்ஸ் வாங்கிய தோணி எந்த ஊருடையதானாலும் எந்தப் பாரிலும் இறங்கலாம். பார் என்றால் கடலடியில் சங்கும் சிப்பியும் விளைகிற திட்டு.

குஞ்சைக் கடலுக்குத் திருப்புகிற லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். காலையில் எடுத்த சங்கு கரைக்கு வந்து, கூடையில் வெயில் காய்ந்து, என் பலகைக்கு வரும்போது பொழுது சாய்ந்துவிடும். விழுந்த குஞ்சுகளை அள்ளிக் கடல்பாலத்துக்கு அடியில் சேற்றில் கொட்டுவோம். மணலில் ஊர்கிற பிராணி சேற்றில் என்ன செய்யும்? செத்து நாறும். 'கடலில் விடப்பட்டது' என்று ரிப்போர்ட் போகும். நான் ஒருதரம் வாயைத் திறந்தேன். "உன் வேலை ஓட்டை வரைக்கும்தான்" என்றார் ஹெட் கிளார்க்.

மதியம் சாக்குமூட்டையில் சாய்ந்து கண் அசந்தால் ஒரே கனவுதான் வரும். சங்கு ஓட்டையில் விழும். கீழே தரை இருக்காது. விழுந்துகொண்டே இருக்கும்.

கோபுரம்

தூத்துக்குடிக்குத் தெற்கே, கரையோரம் ஒரு சின்ன ஊர். அங்கே மாதா கோயில் ஒன்று, வெள்ளைக் கோபுரத்தோடு. காலை வெயில் அதன் கடல் பக்கச் சுவரில் அடித்தால் வெகுதூரத்துக்கு மின்னும். கடலுக்குள் போனவனுக்குக் கரைதான் அடையாளம். கரையில் உள்ள இரண்டு பொருள்கள் ஒன்றன் பின் ஒன்றாக நேரே வருகிறதா என்று பார்த்து இடம் சொல்வார்கள். கணியம் பார்ப்பது என்று அதற்குப் பெயர். அந்தக் கோபுரம் பின்னால் நிற்கும் பனைக்கூட்டத்தின் நடுவே வந்தால், அந்தக் கோட்டில் ஒரு பார் இருந்தது. நல்ல பார்.

யுத்தம் வந்தது. கடலில் இருந்து வெள்ளையாகத் தெரிகிற எதையும் மறைக்கச் சொல்லி உத்தரவு. கோபுரத்தில் களிமண்ணும் கரியும் பூசினார்கள். கோபுரம் பனைக்குள் கரைந்துபோனது. அதோடு பாரும் தொலைந்தது. ஒருவரும் அங்கே இறங்கவில்லை.

யுத்தம் முடிந்ததும் எங்கள் கிட்டங்கிச் சூப்பிரண்டுக்கு அந்தப் பாரின் ஞாபகம் வந்துவிட்டது. சாம்பிள் எடுத்து வரச் சொல்லி என்னைப் பலகையோடு அனுப்பினார். அந்த ஊர்க் குளியாட்களுக்குத் தலைவர் சூசை. அவர் தோணியில் போனேன்.

காற்று இல்லை. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. தோணி தண்ணீரில் மிதக்கிறதா வெறும் வெளியில் தொங்குகிறதா என்றே எனக்கு நிச்சயமில்லை. சூசை ஈயக்குண்டின் அடியில் மெழுகு தடவி இறக்குவார், தூக்குவார், ஒட்டிய மணலை விரலால் நெருடிப் பார்ப்பார். அப்படி இறக்கியும் தூக்கியும் உச்சிப்பொழுதில் பாரைக் கண்டுபிடித்தார். கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு இறங்கினார்.

மேலே வந்தபோது கையில் ஆட்டுக்கொம்பு மாதிரி முறுக்கிய ஒன்று இருந்தது. சங்குப்பூ. சங்கு முட்டையிடும் கூடு அது. வாங்கிக் காதில் வைத்து ஆட்டினேன். உள்ளே அரிசி மாதிரி குஞ்சுகள் கலகலத்தன.

"அடியில எப்படிக் கெடக்கு?" என்று கேட்டேன்.

"நாத்தங்கால் கணக்கா இருக்கு, அண்ணாச்சி. எங்க பாத்தாலும் பூவா நிக்கு. தண்ணி அசையும்போது எல்லாம் சேந்து அசையுது. கால ஊனவே மனசு வரல்ல."

அவர் எடுத்த சங்குகளைப் பலகையில் வைத்தேன். எல்லாம் விழுந்தன.

"கோபுரத்துக்குத் திரும்ப வெள்ளையடிச்சா முடிஞ்சிது வே," என்றார் சூசை. "எல்லா ஊர்த் தோணியும் வரும். வேத்தூர்க்காரன் அள்ளுததுக்கு முன்ன நாமளே அள்ளிருவோம்னு எங்க பயலுவளே சொல்லுதானுவ. நான் யாரப் பிடிச்சு நிறுத்த?"

சூப்பிரண்டிடம் சொன்னேன். "பெரிசும் இருக்கும். சின்னதை உன் பலகை பார்த்துக்கும்" என்றார். தைத் திருவிழாவுக்குள் கோபுரம் பழையபடி வெள்ளையாக வேண்டும் என்று கோயிலுக்குச் சொல்லி அனுப்பினார். சுண்ணாம்பையும் சர்க்கார் செலவில் ஏற்றி விட்டார். கொண்டுபோனவன் நான்தான்.

மரியாள்

கோபுரத்துக்கு வெள்ளையடிக்கும் உரிமை மரியாள் குடும்பத்துக்கு. கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்குகிறவள். திருவிழாவுக்கு அடிக்காமல் விட்டால் உரிமை வேறு குடும்பத்துக்குப் போய்விடும். யுத்தம் என்று இத்தனை வருஷம் பொறுத்தாயிற்று, மாதாவின் கோபுரம் கரிச்சட்டி மாதிரி நிற்கிறதே என்று ஊரில் பாதிப் பேர் குமைந்தார்கள். மீதிப் பேர் பாரை நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

மரியாள் என் மூட்டையைக் காலால் தள்ளினாள். "சர்க்கார் சுண்ணாம்பா? இத வெத்திலைக்குக்கூட தடவ மாட்டேன். எங்கிட்டயே இருக்கு, இதத் திருப்பிக் கொண்டு போ."

"அடிப்பீங்களா மாட்டீங்களா, அதச் சொல்லுங்க. நான் பதில் சொல்லணும்."

"அடிக்கேன்னு போய்ச் சொல்லு. அடிக்காம உரிமைய அவளுக்குத் தூக்கிக் குடுக்கவா?" 'அவள்' என்றது கொழுந்தன் பெண்டாட்டியை; அடுத்த வீடு. அவள் காதில் விழட்டும் என்றே சொன்னாள்.

உரிமைக்காகப் பாரை விற்கிறாளே என்று நினைத்தேன். ஒரு வசைச் சொல்லை விழுங்கிக்கொண்டு திரும்பினேன்.

திருவிழாவுக்குச் சூப்பிரண்டு காரில் போனார். நானும் முன்சீட்டில். உடைமரங்களைத் தாண்டியதும் கோபுரம் தெரிந்தது. பால் மாதிரி இருந்தது. "பார்த்தியா" என்றார் அவர். மறுநாள் விடியுமுன் இருட்டோடு அவரே தோணியில் ஏறினார். பாரின் மேல் மிதவை போடுவதாகத் திட்டம்.

கரை பின்னால் போயிற்று. சூரியன் நன்றாக ஏறிவிட்டான். சூப்பிரண்டு திரும்பிப் பார்த்தார். பனைகள் தெரிந்தன. பனைகள் மட்டும்தான் தெரிந்தன.

"கோபுரம் எங்கேய்யா?"

"அங்கனதான் நிக்கணும், ஐயா," என்றார் சூசை, முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

தோணி அந்த வெளிச்சத்தில் சும்மா சுற்றியது. நேற்று நான் பார்த்த கோபுரம் கனவுதானோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

கரைக்கு வந்து கோயிலைச் சுற்றி நடந்தோம். மூன்று பக்கம் வெள்ளை. கடல் பக்கம் மட்டும் யுத்தகாலத்துக் கரி அப்படியே. ஊரே வாசலில் நின்றது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. கூடிப் பேசித்தான் செய்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"கடல் பக்கம் ஏன் அடிக்கல?"

"உப்புக் காத்துங்கய்யா. சுண்ணாம்பு ஒட்ட மாட்டேங்கு," என்றாள் மரியாள்.

"யுத்தத்துக்கு முன்னால ஒட்டிச்சே?"

"அது அப்பம்."

சங்கு சர்க்காருடையது. கோபுரம் கோயிலுடையது. சூப்பிரண்டு முட்டாள் இல்லை. கோயில் சுவரில் அடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்று அவருக்குத் தெரியும்.

"எப்பதான் ஒட்டும்?"

மரியாள் என் கக்கத்தில் இருந்த பலகையைக் காட்டினாள். "சங்கு அந்த ஓட்டையில விழாம நிக்கட்டும். ஒட்டும். அதுக்கப்புறமும் அந்தப் பலகை தோணியிலதான் இருக்கணும். பாலத்துக்கு அடியில கொண்டுபோய்க் கொல்லுத சோலி வேண்டாம். அப்பிடின்னா ரொம்ப நல்லா ஒட்டும்."

அவர் காரில் ஏறினார். போகும் வழியில், "வருஷா வருஷம் போய் அளந்து பார்த்துச் சொல்லு" என்றார்.

அப்படியே போனேன். சூசை குளிப்பார், நான் அளப்பேன், சங்கு விழும். சில வருஷங்கள் அப்படிப் போயின. ஒரு மாசி மாதம் சங்கு நின்றது. அடுத்ததும் நின்றது. ஓட்டையில் மாட்டிய சங்கோடு பலகையை மரியாள் முன்னால் வைத்தேன். அவள் எழுந்து சுண்ணாம்பு நீற்றப் போனாள்.

அந்த வருஷம் எல்லா ஊர்த் தோணியும் வந்தது. தோணிக்கு ஒரு பலகை. விழுந்த குஞ்சு பலகையில் இருந்து நேரே தண்ணீருக்குப் போயிற்று. நான் விளிம்பில் குனிந்து பார்ப்பேன். பச்சைக்குள் மெதுவாகச் சுழன்று இறங்கி மறையும். கீழே தரை இருந்தது.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அளக்கிற வேலை என்றால் எடுத்த இடத்திலேயே அளங்கள். கரைக்குக் கொண்டுவந்து அளந்தால் பிணத்தைத்தான் அளப்பீர்கள்.