கொஷிட்சேயில் ஆறு ரோஜா

ஞாயிறு, மாலை 4 மணி. புடாபெஸ்ட் விமான நிலையத்திலிருந்து காரில் இருநூற்று அறுபது கிலோமீட்டர் வந்து, ஸ்லோவாக்கியா நாட்டின் கொஷிட்சே நகரத்தில் இறங்கினோம். தெருவில் ஒரு ஹாரன் சத்தம் இல்லை. ஊரையே காலி செய்துவிட்டார்களோ என்று பயந்துபோனேன். எங்களுக்கு வீடு கொடுத்திருந்த குடியிருப்பு கம்யூனிஸ்ட் காலத்தில் கட்டியதாம். எட்டு மாடிக் கட்டடங்கள், எல்லாம் ஒரே அச்சு. பால் வாங்கப் போனவன் திரும்பிவந்து, அடுத்த கட்டடத்து மூன்றாம் மாடிக் கதவில் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்த பெரியவர் கோபப்படவில்லை. ஜன்னல் வழியாக என் கட்டடத்தைக் காட்டிவிட்டு உள்ளே போனார். வாரத்துக்கு நாலு பேர் இப்படி வருவார்கள் போல.

நானும் டேவிட்டும் ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறோம். எனக்குத் தூத்துக்குடிப் பக்கம். படப்பையில் வாடகை அறை. டேவிட் படப்பையிலேயே பிறந்தவன். தகடு அடிக்கிற பிரஸ் ஒன்று புதிதாக வருகிறது, மூன்று வாரம் போய் ஓட்டப் பழகிக்கொண்டு வாருங்கள் என்று 2012 அக்டோபரில் எங்களை அனுப்பினார்கள். ஷெட்டில் அதற்குப் பள்ளம் வெட்டி காங்கிரீட்கூடப் போட்டாயிற்று.

திங்கள், காலை 5.20. டிராமில் கண்டக்டர் இல்லை. அறுபது சென்ட் கொடுத்து வாங்கிய சீட்டை, கம்பியில் மாட்டியிருக்கும் சின்னப் பெட்டியில் நாமே செருகி ஓட்டை போட்டுக்கொள்ள வேண்டும். அத்தனை பேரும் ஒழுங்காகப் போட்டார்கள்.

"யாருமே செக் பண்லியே மச்சி, இன்னாத்துக்கு துட்டு குடுத்து வாங்கினு கீறாங்க?" என்றான் டேவிட்.

"சும்மா கெடலே. நீயும் போடு" என்றேன்.

அந்த ஊர்த் தொழிற்சாலையில் ஆறு மணி ஷிப்ட். எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவர் சுசானா. ஐம்பது வயதிருக்கும். அவருடைய இங்கிலீஷும் எங்களுடையதும் ஒரே லட்சணம் என்பதால் பேச்சு நன்றாகவே புரிந்தது. இங்கே தமிழில் தருகிறேன். புது மிஷின் எங்கே என்று கேட்டேன். பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த பழைய பச்சை பிரஸ்ஸைத் தட்டிக் காட்டினார். அதன் தூணில் சாக்பீஸால் சென்னை என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது.

"இருபத்தாறு வருஷமாக நான் ஓட்டுவது இதைத்தான். உங்கள் இரண்டு பேருக்கும் தனியாக ஓட்ட வரும் என்று நான் கையெழுத்துப் போட்டதும் கழற்றி அனுப்புவார்கள்" என்றார்.

"அப்புறம் நீங்கள்?"

"வீட்டுக்கு."

பாவிகள், எங்களை அனுப்பியவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! அன்று மத்தியானம் கேன்டீனில் வைத்த பூண்டு சூப் எனக்கு இறங்கவில்லை.

இரண்டாவது வாரம் டேவிட் ஒரு யோசனை சொன்னான். "நமக்கு இன்னும் வரல்லேன்னு வச்சிக்கோ. அதுவரிக்கும் அந்தம்மாவுக்கு வேலை கீதுல்ல?" எனக்கும் அது பெரிய தருமமாகப் பட்டது. இரண்டு நாள் வேண்டுமென்றே, தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சைக் கோணலாகப் பூட்டினோம். மூன்றாம் நாள் சுசானா சிவப்பு பட்டனை ஓங்கி அடித்து மிஷினை நிறுத்தினார். இடது கை உறையைக் கழற்றிக் காட்டினார். சுண்டுவிரலில் பாதி இல்லை.

"இதனிடம் நடிக்காதீர்கள். ஊருக்குப் போய் உங்கள் கை போனால், சரியாகச் சொல்லித்தராதவள் நான்தான் என்றாகும். நீங்கள் எனக்கு வாங்கித் தரும் நான்கு நாள் வேலை எனக்கு வேண்டாம்."

அசிங்கமாகிவிட்டது. அதற்கப்புறம் ஒழுங்காகக் கற்றுக்கொண்டோம்.

ஞாயிறு, காலை 11 மணி. சுசானாவே எங்களைப் பெரிய தேவாலயத்துக்குக் கூட்டிப்போனார். டேவிட் முழங்காலிட்டு வெகுநேரம் ஜெபித்தான். பிறகு நூற்றறுபது படி ஏறிக் கோபுரத்தின் மேலே நின்றோம். தூரத்தில் புகைபோக்கிகள் தெரிந்தன. "என் அப்பா காலத்தில் வேலைக்குப் போகாமல் இருந்தால் குற்றம். ஜெயிலில் போடுவார்கள்" என்றார். நாங்கள் வாயைப் பிளந்தோம். எங்கள் கம்பெனி வாசலில் தினமும் சர்டிபிகேட் கவரோடு நிற்கும் பையன்கள் என் நினைவுக்கு வந்தார்கள்.

"இப்போது?" என்று கேட்டேன்.

"இப்போது ஜெயில் இல்லை" என்றார்.

கடைசி வெள்ளி, மதியம் 1 மணி. கையெழுத்துப் போடும் நாள். வெறுங்கையோடு எப்படி நிற்பது என்று, ஷிப்ட்டுக்கு நடுவில் அனுமதி கேட்டு டிராம் நிறுத்தத்துப் பூக்கடைக்கு ஓடினோம். டேவிட் ஆறு விரல் காட்டி ரோஜா கேட்டான். கடைக்காரம்மா ஐந்து விரல் காட்டினார். பிறகு ஏழு காட்டினார்.

"பேரம் பேசுது மச்சி, வுடாத" என்று அவன் ஆறிலேயே நின்றான். அந்த அம்மா பெருமூச்சு விட்டு, கறுப்பு ரிப்பன் சுற்றிக் கொடுத்து, டேவிட்டின் கையை ஆறுதலாகத் தடவினார். என்ன மரியாதையான ஊர் என்று நினைத்தேன்.

சுசானா பூக்களை வாங்கினார். உதடு அசைய எண்ணினார். பக்கத்து மிஷின்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"இங்கே உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப்படையில்தான் பூ கொடுப்போம். இரட்டைப்படை கல்லறைக்கு" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மொய் எழுதும்போது நூற்றொன்று வைக்கத் தெரிந்தவனுக்கு இது தோன்றவில்லையே! டேவிட் பதறிப்போய் ஒரு பூவை உருவக் கையை நீட்டினான். சுசானா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம். சரியாகத்தான் வாங்கியிருக்கிறீர்கள்."

ஆறு பூவையும் பிரஸ்ஸின் மேல் வைத்தார். அதன் பக்கத்திலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

ஒரகடம், இரண்டு மாதம் கழித்து, காலை 9 மணி. மிஷினைப் பள்ளத்தில் இறக்கிப் பூட்டியாயிற்று. எலுமிச்சம்பழம், கற்பூரம் எல்லாம் தயார். மேனேஜர் ஒரு தட்டில் ரோஜாப்பூ கொடுத்து, மிஷின்மேல் வைக்கச் சொன்னார். ஒவ்வொன்றாக எண்ணினேன். பன்னிரண்டு இருந்தது. டேவிட் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மீதியை வைத்தேன்.