சித்தியின் திருகாணி

சித்தியைப் பெண் பார்க்க வருவதாக இருந்த நாளின் காலையில், அவளுடைய கம்மலின் திருகாணியை நான் விழுங்கிவிட்டேன். அப்போது நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை, குவார்ட்டர்ஸ் வீடு. அம்மாவின் தங்கையான சித்தி எங்களோடு தங்கி நர்சிங் கடைசி வருடம் படித்தாள். வரப்போகிறவர்கள் படிப்பு இதோடு போதும் என்று சொல்லியிருந்தார்கள். அது என் காதிலும் விழுந்திருந்தது, அவ்வளவுதான்.

கம்மல் மாட்ட உதவிய எனக்கு இரண்டு கைகளும் போதவில்லை. திருகாணியை உதட்டில் கவ்விக்கொண்டேன். சித்தி கண்ணாடியைப் பார்த்து மூஞ்சியைக் கோணிக்காட்டினாள். சிரித்தேன். உள்ளே போய்விட்டது.

அம்மா டார்ச் அடித்து என் தொண்டையைப் பார்த்தாள். "நல்ல நாளும் அதுவுமா பவுனையா முழுங்குவ?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். குழந்தைக்கு உடம்பு சரியில்லை, சரியானதும் சொல்கிறோம் என்று அப்பா மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் செய்தார். பட்டுப்புடவையோடே சித்தி என்னை ஆட்டோவில் ஏற்றினாள்.

"இன்னாம்மா, கொயந்த இன்னாத்த முழுங்கிச்சு?" என்றார் ஆட்டோக்காரர். சித்தி சொன்னதும், "பயப்படாத, போன வழியிலயே வந்துகினு இருக்கும்" என்று ஆறுதல் சொன்னார்.

எக்ஸ்ரேயில் வெள்ளைப் புள்ளி ஒன்று தெரிந்தது. "இரைப்பைல இருக்கு. சின்னதுதான், தானா வந்துடும். வயிறு வலிச்சாலோ வாந்தி எடுத்தாலோ உடனே கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர்.

"எவ்ளோ நாள் ஆகும் டாக்டர்?"

"ரெண்டு மூணு நாள். சில பேருக்கு ஒரு வாரம்கூட ஆகலாம்."

"ஒரு வாரம்" என்று சித்தி மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நின்றால் இறங்குகிறதோ, படுத்தால் மேலே வருகிறதோ என்று பயம். குதித்துப் பார்த்தேன். சித்தி என்னைப் பாயில் படுக்கவைத்து, வயிற்றின் மேல் விரலால் கோடு போட்டாள். இது இரைப்பை, இங்கிருந்து சிறுகுடல், சுருண்டு சுருண்டு போகும், அதைச் சுற்றிப் பெருங்குடல்.

"தலைகீழா நின்னா வாய் வழியா வந்துடுமா?"

"வராதுடி. நீ எப்படி நின்னாலும் குடல் பிசைஞ்சு பிசைஞ்சு கீழதான் தள்ளும்."

"ஆசிட்ல கரைஞ்சிட்டா?"

"சோறு கரையும். பவுன் கரையாது."

வாழைப்பழமும் கீரையுமாகத் தின்றேன். பள்ளிக்கூடத்தில் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். தினமும் காலையில் குச்சியால் கிளறிப் பார்க்கும் வேலையைச் சித்தியே ஏற்றுக்கொண்டாள். நர்ஸுக்கு இதெல்லாம் அருவருப்பா என்றாள். "வந்துச்சா?" என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்பாள். "இல்லக்கா."

அப்படி ஒரு காலையில் சித்தி எதையோ குழாயடியில் கழுவுவதைப் பார்த்தேன். மஞ்சளாக மின்னியது. "அம்மா" என்று வாயெடுப்பதற்குள் ஈரக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"இப்போ சொல்லாத."

"ஏன்?"

"கொஞ்ச நாள் போகட்டும்."

சரி என்றேன். ஆனால் என் பயம் இரட்டிப்பானது. வெளியே வந்ததை ஏன் மறைக்க வேண்டும்? இன்னொரு துண்டு உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது, நர்ஸான சித்திக்குத் தெரிந்துவிட்டது, நான் அழுவேன் என்று சொல்லாமல் இருக்கிறாள் என்று முடிவு செய்தேன். அம்மா பழத்தை உரித்து உரித்துக் கொடுத்தாள், நானும் தின்றேன். வயிற்றில் காற்று புரண்டால்கூட விரலை வைத்துத் தேடினேன்.

ஒரு சாயங்காலம் அப்பா போனை வைத்துவிட்டு வந்து, அவர்கள் பூந்தமல்லியில் வேறு பெண்ணை முடித்துவிட்டார்கள் என்றார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சற்று நேரம் கழித்து, "அக்கா, வந்துடுச்சு" என்று சித்தி திருகாணியை நீட்டினாள். அம்மா அதை வாங்கி மாதா படத்தின் கீழே வைத்தாள்.

பிறகு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அந்த வாரம் முழுக்கச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு எழுந்துபோன சித்தி, அன்று இரண்டாம் முறை சோறு வாங்கி, மேலே குழம்பையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். பாவம், அவளுக்கும் வயிற்றில் ஏதோ சிக்கியிருந்திருக்கிறது, இன்றுதான் இறங்கியது என்று நினைத்துக்கொண்டேன்.